இடரை யார் ஏற்பது? ஆப்பிரிக்க மருத்துவத் துறையில் தனியார் முதலீடும் கலப்பு நிதியும்

ஒரு நாட்டு மக்களுக்கு மருத்துவம் எட்டவேண்டுமானால் மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், கட்டடமும் கருவிகளும் வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னால் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும், எந்த நிபந்தனையோடு வரும், திரும்பி வராமற்போனால் இழப்பு யாரைச் சேரும் என்னும் கேள்விகள் வங்கித்துறையில் இருக்கும் எங்களுக்கு அன்றாடம் பழகியவை. கடன் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இவற்றைத்தான் நாங்கள் கேட்கிறோம். இதே கேள்விகளுக்கான விடைகள் ஒரு கண்டத்தின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் நிலையில் நிற்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2007ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மருத்துவத் தொழில் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் அப்போது உலக மக்கள்தொகையில் 11 சதவீதத்தினர் வாழ்ந்தனர். உலகின் நோய்ச்சுமையில் 24 சதவீதம் அவர்கள் மீது இருந்தது. உலக மருத்துவச் செலவிலோ அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த பத்தாண்டுகளில் 2,500 கோடி முதல் 3,000 கோடி டாலர் வரை புதிய முதலீடு தேவைப்படும் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. மருத்துவத்துக்குச் செலவாகும் பணத்தில் ஏறத்தாழப் பாதி தனியார் மருத்துவர்களுக்கும் மருந்தகங்களுக்கும் போய்ச் சேர்கிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அங்கே தனியார் மருத்துவம் என்பது பெருநகரத்துப் பளிங்கு மாளிகைகளை மட்டும் குறிப்பதன்று. செவிலியர் ஒருவர் இரண்டு அறைகளில் நடத்தும் பேறுகால விடுதியும், சந்தைத் தெருவின் மருந்துக்கடையும் அதில் அடங்கும்.

அரசுகள் கைகட்டி இருந்துவிடவில்லை. 2001 ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள், தத்தம் வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 15 சதவீதத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தனர். பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அந்த இலக்கை எட்டவில்லை. கடன் வட்டி, சம்பளம், சாலை, பள்ளி எனப் பங்குக்கு நிற்போர் பலர். இந்த இடைவெளியை வெளிநாட்டு உதவி பல ஆண்டுகளாக நிரப்பி வந்தது. அந்த உதவியும் இப்போது நிலையற்றதாகிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அந்நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி முகமை அதே ஆண்டு ஜூலை முதல் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. அரசுப் பணம் போதவில்லை, கொடைப் பணம் குறைகிறது என்னும் நிலையில் எல்லோர் பார்வையும் தனியார் முதலீட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. அதை வரவழைப்பதற்கான வழிகளுள் ஒன்றாகப் பேசப்படுவதே கலப்பு நிதி.

வங்கிகள் ஏன் தயங்குகின்றன?

சிற்றூர் மருத்துவமனை ஒன்று கடன் கேட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஈடு கேட்போம். நிலம் பெரும்பாலும் வாடகை நிலம். உரிமைப் பத்திரம் தெளிவாக இராது. மருத்துவக் கருவியை ஈடாக எடுத்தால், கடன் வாராமற்போகும் நாளில் அதை வாங்க ஆள் கிடைப்பது அரிது. மேலும், நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனையை ஏலத்துக்குக் கொண்டுவர எந்த வங்கி மேலாளருக்கும் மனம் வராது.

அடுத்து வரவுசெலவுக் கணக்கு. நோயாளிகள் கையில் காசாகக் கொடுப்பதும், சிலர் கடன் சொல்லிப் போவதும், அரசுக் காப்பீட்டுத் தொகை மாதக்கணக்கில் தாமதமாவதும் அங்கே இயல்பு. தணிக்கை செய்யப்பட்ட மூன்றாண்டுக் கணக்கைக் கேட்டால் பலரிடம் இராது. மூன்றாவது, கால அளவு. மருத்துவமனைக் கட்டடம் பத்து, பதினைந்து ஆண்டுகளில்தான் முதலைத் திருப்பித் தரும். உள்ளூர் வங்கியிடம் இருப்பதோ ஓராண்டு, ஈராண்டு வைப்புத்தொகை. அரசுக் கடன்பத்திரத்தில் போட்டாலே நல்ல வட்டி கிடைக்கும்போது, இந்த இடரை ஏன் ஏற்கவேண்டும் என்று வங்கி நினைப்பதில் வியப்பில்லை.

ஆக, கடன் கேட்பவர் நேர்மையானவர், தொழிலுக்குத் தேவை உண்டு, நோயாளிகள் வருகிறார்கள், ஆயினும் கடன் கிடைப்பதில்லை. தடையாக நிற்பது இடரின் அளவு மட்டுமன்று. அந்த இடரை அளந்து சொல்லவோ பகிர்ந்து ஏற்கவோ ஆள் இல்லாத நிலையுமாகும்.

கலப்பு நிதி என்பது யாது?

வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட பொதுப்பணத்தையோ அறக்கொடையையோ முன்னால் நிறுத்தி, இலாப நோக்குடைய தனியார் பணத்தை அதன் பின்னால் வரச்செய்வதே கலப்பு நிதி. கருத்து நமக்குப் புதிதன்று. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து அமைத்த கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையை வாடிக்கையாளர்களில் பலர் அறிவர். ஈடு கொடுக்க இயலாத குறு, சிறு தொழில் முனைவோருக்கு வங்கி கடன் கொடுக்கிறது. கடன் வாராமற்போனால் இழப்பின் ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்கிறது. அந்த உத்தரவாதம் இல்லையென்றால் பல கடன்கள் கையெழுத்தாகியிரா.

இதையே சற்று விரித்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மருத்துவமனைகளுக்குக் கடன் கொடுக்க 100 கோடி ரூபாயில் ஒரு நிதியம் தொடங்கப்படுகிறது. அதில் 20 கோடி கொடையாளர் பணம். 30 கோடி வளர்ச்சி வங்கியின் பணம். எஞ்சிய 50 கோடி தனியார் முதலீட்டாளர் பணம். இழப்பு வந்தால் முதலில் கொடையாளர் பணம் கரையும். அடுத்து வளர்ச்சி வங்கியின் பணம். கடைசியாகத்தான் தனியார் பணம். 12 கோடி வாராக்கடனானால் கொடையாளர் மட்டும் இழப்பார். 28 கோடி வாராக்கடனானால் கொடையாளரின் 20 கோடி முழுவதும் போய், வளர்ச்சி வங்கி 8 கோடியை இழக்கும். தனியார் முதல் அப்போதும் முழுதாக நிற்கும். 20 கோடியைத் தானமாகக் கொடுத்திருந்தால் அது 20 கோடி மட்டுமே. முதல் இழப்பைத் தாங்கும் பணமாக நிறுத்தியதால் 100 கோடி மருத்துவத்துக்கு வந்து சேர்கிறது. கடன்கள் ஒழுங்காகத் திரும்பினால் அந்த 20 கோடியும் மறுசுற்றுக்குக் கிடைக்கும்.

இதுவே கோட்பாடு. உத்தரவாதம், சலுகை வட்டி, கொள்முதல் உறுதிமொழி, தொழில்நுட்ப உதவி மானியம் என இதன் வடிவங்கள் பல. எல்லா வடிவங்களிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இடரை யார் ஏற்றிருக்கிறார்?

சிறிய மருத்துவமனைகளுக்குச் சிறிய கடன்

இந்தக் கோட்பாடு நன்கு பொருந்திய இடங்களுள் ஒன்று மருத்துவக் கடன் நிதியம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபார்ம்அக்சஸ் அறக்கட்டளை 2009இல் இதைத் தொடங்கியது. கென்யா, தான்சானியா, கானா, நைஜீரியா போன்ற நாடுகளில் சிறிய தனியார் மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் கடன் வழங்குவதே இதன் பணி. கொடையாளர்களின் மானியம் அடித்தளமாக நின்று முதல் இழப்பைத் தாங்கும். அதன்மேல் வளர்ச்சி நிதி நிறுவனங்களும் தனியார் முதலீட்டாளர்களும் கடனாகப் பணம் தருவர். தொடக்கத்தில் உள்ளூர் வங்கிகளின் வழியாகவே கடன் சென்றது. இடரை நிதியமும் வங்கியும் பகிர்ந்துகொண்டன. மருத்துவமனை என்றாலே பின்வாங்கிய வங்கி அதிகாரிகள் அத்தொழிலின் வரவுசெலவைக் கண்ணால் கண்டு பழக இது வாய்ப்பளித்தது.

இந்நிதியத்தின் சிறப்பு கடனோடு நின்றுவிடாமையில் உள்ளது. கடன் பெறும் மருத்துவமனை ‘சேஃப்கேர்’ என்னும் தர அளவுகோலுக்கு உட்படவேண்டும். கை கழுவும் வசதி, மருந்து இருப்புப் பதிவேடு, கிருமிநீக்கம், நோயாளி ஆவணம் என ஒவ்வொன்றும் மதிப்பிடப்படும். குறைகளைக் களையும் திட்டத்தை ஒட்டியே கடனும் அமையும். வங்கியாளர் பார்வையில் இது இரட்டைப் பயனுடையது: தரம் உயர்ந்தால் நோயாளிகள் பெருகுவர், நோயாளிகள் பெருகினால் தவணை தவறாது. 2010இல் ஜி-20 நாடுகள் சிறுதொழில் நிதிக்கென நடத்திய போட்டியில் பரிசு பெற்றவற்றுள் இத்திட்டமும் ஒன்று.

பின்னர் கென்யாவில் இது மற்றொரு படி முன்னேறியது. அந்நாட்டில் 2007இல் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணச்சேவை, நம் ஊரில் இன்று யுபிஐ எப்படியோ அப்படி மக்களின் அன்றாடத்தில் கலந்தது. நோயாளிகள் கைப்பேசி வழியே மருத்துவமனைக்குப் பணம் செலுத்தும்போது அதன் வருவாய்க் கணக்கு தானாகவே உருவாகிறது. அந்தக் கணக்கையே ஆதாரமாகக் கொண்டு கடன் மதிப்பிடப்பட்டது. அன்றாட வரவின் ஒரு பங்கு தவணையாகத் தானே பிடித்தமானது. வரவு குறைந்த நாளில் தவணையும் குறையும். தணிக்கைக் கணக்கும் நில ஈடும் இல்லாதவருக்கு அவருடைய அன்றாட வரவே ஈடாகிவிட்டது. இங்கே கொடைப்பணம் ஏற்ற இடர் தெளிவானது: முன்பின் கடன் வரலாறு இல்லாத ஒருவருக்கு முதன்முறை கடன் கொடுக்கும் இடர். அந்த முதல் அடிக்குப்பின் கடன் பெற்றவரின் நாணயமே அவருக்கு ஈடு.

வாங்குவோம் என்னும் வாக்குறுதி

கடன் கொடுப்பதற்கு நேரெதிர் முனையில் நிற்பது கொள்முதல் உறுதிமொழி. ஏழை நாடுகளுக்கான தடுப்பூசியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு உள்ள பெரிய இடர், பொருள் விற்குமா என்பதே. அந்த இடரைப் பொதுப்பணம் ஏற்றால் தொழிற்சாலைக்கான தனியார் முதலீடு தானே வரும்.

2009இல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே ஆகிய நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 150 கோடி டாலரை ஒதுக்கின. குழந்தைகளைக் கொல்லும் நுரையீரல் அழற்சிக்குக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசியை நீண்டகாலத்துக்கு, ஓர் ஊசிக்கு 3.50 டாலருக்கு மிகாத விலையில் வழங்க ஒப்பும் நிறுவனங்களுக்கு அந்தப் பணத்திலிருந்து கூடுதல் தொகை தரப்படும் என்பது ஏற்பாடு. செல்வ நாடுகளில் வந்த பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வந்து சேரும் என்ற வழக்கம் இதனால் தளர்ந்தது. 2011 தொடக்கத்திலேயே கென்யா அதைத் தன் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. பெருநிறுவனங்கள் இரண்டுக்கே பெரும்பணம் போகிறது என்ற கண்டனமும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டி வரும்போதுதான் விலை மேலும் இறங்கும். 2020இல் புனேயின் சீரம் நிறுவனம் தன் தடுப்பூசியை ஓர் ஊசிக்கு 2 டாலர் விலையில் இத்திட்டத்துக்கு வழங்க முன்வந்தது. ஆப்பிரிக்கக் குழந்தையின் மருத்துவச் செலவில் இந்தியத் தொழிற்சாலைக்கு உள்ள பங்கை இது காட்டுகிறது.

கருத்தடைச் சாதனத்திலும் இதே வழி பயன்பட்டது. கையில் தோலுக்கடியில் பொருத்தப்படும் ஜடெல் என்னும் சாதனத்தின் விலை 18 டாலராக இருந்தது. ஆறு ஆண்டுகளில் 2 கோடியே 70 லட்சம் சாதனங்கள் வாங்கப்படும் என்றும், குறைந்தால் அந்தக் குறையை ஈடுசெய்வோம் என்றும் கொடையாளர்கள் உத்தரவாதம் அளித்தனர். 2013 முதல் விலை 8.50 டாலராயிற்று. உத்தரவாதம் என்பது அன்றே கொடுக்கப்படும் பணமன்று; தேவைப்பட்டால் கொடுக்கப்படும் வாக்கு. வாக்குக் கொடுப்பவரின் நாணயம் உறுதியாக இருந்தால், வாக்கே பாதி விலையைக் குறைத்துவிடும்.

முதலீட்டாளர்களாகிய நம் வாடிக்கையாளர்களுக்கு இன்னும் சுவையான ஏற்பாடு ஒன்று உண்டு. 2006இல் தொடங்கிய நோய்த்தடுப்புக்கான பன்னாட்டு நிதி அமைப்பு, தடுப்பூசிக் கடன்பத்திரங்களை வெளியிடுகிறது. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய அரசுகள் வரும் பல ஆண்டுகளில் தவணை தவணையாகத் தருவதாகச் சட்டப்படி உறுதியளித்த தொகையை ஆதாரமாக்கி, இன்றே சந்தையில் கடன் திரட்டித் தடுப்பூசி வாங்க ‘கேவி’ என்னும் தடுப்பூசிக் கூட்டணியிடம் கொடுப்பது இதன் முறை. நிதி மேலாளராக உலக வங்கி இருக்கிறது. 2006 நவம்பரில் வெளியான முதல் பத்திரம் 100 கோடி டாலர் திரட்டியது. பின்னர் இவ்வகைப் பத்திரங்கள் ஜப்பானில் சாதாரணக் குடும்பச் சேமிப்பாளர்களுக்கும் விற்கப்பட்டன. ஓய்வுபெற்ற ஒருவர் வட்டிக்காகப் போட்ட பணம் ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைக்கு ஊசியாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு இடர் குறைவு. ஏனெனில் திருப்பிச் செலுத்தப் பொறுப்பேற்றவை அரசுகள்.

லெசோத்தோவின் பாடம்

எல்லா ஏற்பாடுகளும் இவ்வாறு நன்றாக முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவால் நான்கு புறமும் சூழப்பட்ட மலைநாடு லெசோத்தோ. அதன் தலைநகர் மசேருவில் பாழடைந்திருந்த பழைய அரசு மருத்துவமனைக்கு மாற்றாகப் புதியது கட்ட அந்நாட்டு அரசு விரும்பியது. பன்னாட்டு நிதிக் கழகம் ஆலோசனை வழங்க, தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் நிறுவனம் தலைமையேற்ற கூட்டமைப்புடன் 2008இல் 18 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கட்டுவது மட்டுமன்றி, மருத்துவம் பார்ப்பதும் தனியார் பொறுப்பு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவது அரசின் பொறுப்பு. கட்டுமானத்துக்கான கடனைத் தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கி வழங்கியது. 2011 அக்டோபரில் ராணி மமொஹாத்தோ நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவத்தின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பழைய மருத்துவமனையோடு ஒப்பிடுகையில் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்தது என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தனர். ஆனால் ஒப்பந்தத்தின் கட்டண விதி வேறு கதை சொன்னது. ஆண்டுக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 வெளிநோயாளிகள் என்னும் அளவுக்கு ஒரு கட்டணம்; அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் அரசு கூடுதலாகச் செலுத்தவேண்டும். நல்ல மருத்துவம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். வெற்றியே செலவாயிற்று. நாட்டின் மருத்துவ ஒதுக்கீட்டில் 51 சதவீதத்தை இந்த ஒரு மருத்துவமனை விழுங்குகிறது என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2014இல் குற்றஞ்சாட்டியது. அக்கணக்கு மிகை என உலக வங்கித் தரப்பு மறுத்தது. விகிதம் எதுவாயினும், ஊரகத்துச் சிறு நலவாழ்வு நிலையங்களுக்கான பணம் சுருங்கும் அச்சம் உண்மையானது. கட்டணத் தகராறுகள் நீண்டன. 2021இல் செவிலியர் வேலைநிறுத்தமும் பணிநீக்கமும் நிகழ்ந்தபின் அரசு ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது.

இதை வங்கியாளராகப் படித்துப் பார்க்கிறோம். தனியாருக்குக் கட்டணம் உறுதி. கடன் கொடுத்த வங்கிக்குத் தவணை உறுதி. நோயாளிகள் எதிர்பார்த்ததை விடப் பெருகினால் வரும் சுமை மட்டும் முழுவதும் அரசின் தலையில். இடர் எங்கும் மறையவில்லை. தாங்கும் வலிமை மிகக் குறைந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய நாட்டுக்குச் சிறிய ஒப்பந்தமாக இருப்பது சிறிய நாட்டுக்குப் பெருஞ்சுமையாகிவிடும் என்பதே லெசோத்தோ தரும் பாடம்.

நிதி மேலாளர் மீதான நம்பிக்கை

மற்றோர் இடரும் உண்டு. பணத்தை ஆள்பவரின் நேர்மை குறித்தது அது. 2009இல் பன்னாட்டு நிதிக் கழகம், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, கேட்ஸ் அறக்கட்டளை, ஜெர்மனியின் வளர்ச்சி நிதி நிறுவனம் ஆகியவை சேர்ந்து ஆப்பிரிக்க மருத்துவ நிதியத்தை அமைத்தன. அதை நிர்வகித்த ஆரியோஸ் நிறுவனத்தைத் துபாயின் அப்ராஜ் குழுமம் 2012இல் வாங்கியது. பின்னர் அப்ராஜ் 100 கோடி டாலரில் மேலும் பெரிய மருத்துவ நிதியம் ஒன்றைத் திரட்டியது. நைஜீரியா, கென்யா, பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகள் அதன் இலக்கு. ஹைதராபாத்தின் கேர் மருத்துவமனைகளும் அந்நிதியத்தின் வசம் வந்தன.

மருத்துவமனைகளுக்கெனக் கொடுத்த பணம் வேறெங்கோ போகிறதோ என்று முதலீட்டாளர்கள் ஐயுற்றுத் தனித் தணிக்கையாளரை அமர்த்தினர். 2018 ஜூனில் அப்ராஜ் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. மருத்துவ நிதியத்தை 2019இல் அமெரிக்காவின் டிபிஜி நிறுவனம் ஏற்று, எவர்கேர் எனப் பெயர் மாற்றி நடத்தியது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கட்டப்பட்டுவந்த 165 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2021இல் திறக்கப்பட்டது. உலகின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பங்கேற்றிருப்பது மட்டுமே பாதுகாப்பாகாது என்பதையும், விழிப்புடைய முதலீட்டாளர் கேள்வி கேட்டால் நிதியத்தைக் காப்பாற்ற இயலும் என்பதையும் இந்நிகழ்வு ஒருசேரக் காட்டுகிறது.

தொழிற்சாலை இருக்கிறது, வாங்குபவர் எங்கே?

கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்காக ஆப்பிரிக்க நாடுகள் வரிசையின் கடைசியில் காத்து நின்றன. தங்கள் தடுப்பூசியைத் தாங்களே தயாரிக்கவேண்டும் என்ற உறுதி அப்போது பிறந்தது. தேவைப்படும் தடுப்பூசிகளில் ஏறத்தாழ 99 சதவீதத்தை இறக்குமதி செய்யும் ஆப்பிரிக்கா, 2040க்குள் 60 சதவீதத்தைத் தானே தயாரிக்கவேண்டும் என ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வகுத்தது. 2021 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் மருந்து நிறுவனத்துக்குப் பன்னாட்டு நிதிக் கழகமும் பிரெஞ்சு, ஜெர்மன், அமெரிக்க வளர்ச்சி நிதி நிறுவனங்களும் சேர்ந்து 60 கோடி யூரோ நிதி வழங்கின. பணம் வந்தது, தொழிற்சாலை இருந்தது, ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியைத் தன் பெயரில் தயாரிக்கும் உரிமமும் 2022 மார்ச்சில் கிடைத்தது. கொள்முதல் ஆணை மட்டும் வரவில்லை. இரண்டு மாதங்கள் கழித்தும் ஓர் ஊசிக்குக்கூட ஆணை இல்லை என்று நிறுவனமே அறிவிக்கும்படி ஆயிற்று.

2022 ஆகஸ்டில் சீரம் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, நான்கு குழந்தைத் தடுப்பூசிகளை ஆப்பிரிக்காவுக்கெனத் தயாரிக்க ஆஸ்பென் முனைந்தது. விற்பனை உறுதியின்றித் தொழிற்சாலைக்கு மட்டும் கடன் கொடுத்தால் போதாது என்ற பாடத்தைக் கொடையாளர்களும் கற்றனர். 2024 ஜூனில் கேவி அமைப்பு பத்தாண்டு காலத்தில் 120 கோடி டாலர் வரை வழங்கும் ஆப்பிரிக்கத் தடுப்பூசி உற்பத்தி ஊக்கத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே தயாரிக்கப்படும் தடுப்பூசி தரச்சான்று பெறும்போதும் விற்பனையாகும்போதும் ஊக்கத்தொகை கிடைக்கும். நடைமுறை மூலதனம் கேட்டு வரும் எந்தத் தொழில் முனைவோரிடமும் நாங்கள் முதலில் கேட்பது கொள்முதல் ஆணையைத்தானே!

நாணய மதிப்பும் நோயாளியின் கையிருப்பும்

இறுதியாக, பேசப்படாமல் விடப்படும் இடர்கள் இரண்டு. முதலாவது அயல்நாட்டு நாணயம். லாகோஸ் மருத்துவமனை ஒன்று ஊடுகதிர்க் கருவி வாங்க ஒரு லட்சம் டாலர் கடன் பெற்றதாகக் கொள்வோம். 2023 ஜூன் தொடக்கத்தில் டாலருக்கு ஏறத்தாழ 460 நைரா, கடன் 4.6 கோடி நைரா. அம்மாதம் நாணயக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 2024 தொடக்கத்தில் டாலர் 1,500 நைராவை ஒட்டி நின்றது. அதே கடன் 15 கோடி நைரா. நோயாளிகள் செலுத்துவது நைராவில், தவணை டாலரில். மருத்துவமனை எந்தத் தவறும் செய்யாமலே கடன் மூன்று மடங்குக்கு மேலாகிவிட்டது. இந்த இடரை ஏற்பதற்கெனவே வளர்ச்சி நிதி நிறுவனங்கள் 2007இல் டிசிஎக்ஸ் என்னும் நாணயப் பரிமாற்ற நிதியத்தை அமைத்தன. அதன் பாதுகாப்புக்கும் விலை உண்டு. அந்த விலை வட்டியில் ஏறும். உள்ளூர் நாணயத்தில் கடன் கொடுக்கும் உள்ளூர் வங்கிகளை வலுப்படுத்துவதே நிலையான வழி.

இரண்டாவது, நோயாளியின் கையிருப்பு. நைஜீரியாவில் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது. அப்படிப்பட்ட இடத்தில் முதலீடு இயல்பாகவே பணமுள்ளவர் வாழும் பகுதிக்குச் செல்லும். ருவாண்டாவோ சமூக மருத்துவக் காப்பீட்டை நாடு முழுவதும் பரப்பியது. குடும்பத்தின் வசதிக்கேற்பச் சந்தா. மிக ஏழைகளுக்கு அரசே செலுத்தும். காப்பீடு இருந்தால் ஏழை நோயாளியும் மருத்துவமனைக்கு உறுதியான வருவாய் ஆகிறார். அவரை நம்பி ஊரகத்திலும் மருத்துவமனை கட்டலாம். கலப்பு நிதியால் கட்டடம் எழும்பும். அதற்குள் ஏழை நுழைவதற்கு வழி செய்வது காப்பீடே.

இதன் எல்லையையும் அறிந்துகொள்வது நல்லது. வளர்ச்சி நிதி நிறுவனங்கள் இடும் ஒரு டாலர், மிக ஏழ்மையான நாடுகளில் வெறும் 0.37 டாலர் தனியார் பணத்தையே ஈர்க்கிறது என்று லண்டனின் வெளிநாட்டு வளர்ச்சி ஆய்வுக் கழகம் 2019இல் கணக்கிட்டது. நாம் மேலே எடுத்துக்காட்டிய நிதியத்தில் முன்னால் நின்ற 50 கோடிக்கு ஈடாகத் தனியார் 50 கோடி வந்தது. மிக ஏழ்மையான நாடுகளில் அந்தப் பாதிப் பங்கும் எட்டாக்கனி. ஆகவே கலப்பு நிதியைக் காட்டி அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளுமானால் இழப்பு மக்களுக்கே. அடிப்படை மருத்துவமும் தொற்றுநோய்த் தடுப்பும் என்றும் அரசுப் பணத்தின் கடமை.

வாசகர்களில் சிலர் சமூக நலன் சார்ந்த கடன்பத்திரங்களிலோ நிதியங்களிலோ முதலீடு செய்யும் வாய்ப்பை இனிச் சந்திக்கக்கூடும். நற்பயன் என்ற சொல்லைக் கண்டதும் கையெழுத்திடாமல் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். முதல் இழப்பை யார் தாங்குகிறார்? திருப்பிச் செலுத்தும் பணம் யாரிடமிருந்து, எந்த நாணயத்தில் வருகிறது? எதிர்பார்த்ததை விட நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும் சுமை யாருக்கு? பணம் உரிய இடத்துக்குச் சென்றதா என்பதைத் தணிக்கை செய்வது யார்? இந்நான்குக்கும் தெளிவான விடை இருந்த இடங்களில் நைரோபியின் சிறு மருத்துவமனை கடனைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த கடனுக்கு வந்தது. விடை தெளிவில்லாத இடத்தில் ஓர் ஏழை நாடு தன் மருத்துவப் பணத்தின் பெரும்பகுதியை ஒரே கட்டடத்துக்குக் கட்டணமாகச் செலுத்திக்கொண்டிருந்தது.